வேட்டையில் புகைத்த சுருட்டு: இணக்கக் கட்டணம் கட்டினால் வழக்கு முடியுமா?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் தோட்டம். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் என் தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும், பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியுடன் பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் போயிருக்கிறார்கள். நண்பர்கள் புதரைக் கலைத்துப் பன்றியை விரட்ட, தம்பி சுட்டான், குறி தவறிவிட்டது. பன்றிக்காகக் காத்திருந்தபோது அவன் பிடித்துப் போட்ட சுருட்டுத் துண்டிலிருந்து காய்ந்த புல் பற்றி அரை ஏக்கர் வரை எரிந்துவிட்டது. துப்பாக்கியையும் பைக்கையும் வனத்துறையினர் பறிமுதல் செய்துவிட்டார்கள். வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்கிறார்கள். ஒரு தொகை கட்டினால் முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். பன்றி சாகவே இல்லையே, இது வேட்டையா? சுருட்டுக்கு 200 ரூபாய் அபராதம்தானே?

பதில்: முதலில் அந்த 200 ரூபாயை மறந்துவிடுங்கள். அது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தில் பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதம். திறந்தவெளி அந்தச் சட்டத்தின் ‘பொது இடம்’ என்ற விளக்கத்துக்குள் வராது. உங்கள் தம்பியைப் பிடிப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன் 21-ஆவது பிரிவு. காப்புக்காட்டுக்குத் தீ வைப்பது மட்டுமல்ல, வன அலுவலர் அறிவித்த காலத்துக்கும் முறைக்கும் மாறாகக் காட்டுக்குள் தீயை மூட்டுவதும் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் அந்தப் பிரிவில் குற்றம். கங்குள்ள சுருட்டும் தீதான் என்றே வனத்துறை எடுத்துக்கொள்ளும். எரிந்த பரப்புக்கு இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. போலீஸும் வழக்குப் பதிந்தால், தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 287 சேரும். அதற்கு 6 மாதம் வரை சிறை.

இனி வேட்டை. பன்றி பிழைத்தது பன்றிக்கு நல்லது. வழக்கில் அது உதவாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 2(16) பிரிவுப்படி, கொல்லும் முயற்சியும் வேட்டைதான். அதற்காக விலங்கை விரட்டுவதும் வேட்டைதான். சுட்டவர் மட்டுமல்ல, புதரைக் கலைத்த நண்பர்களும் அதே குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இருப்பது அந்தச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலான 2-ஆம் அட்டவணையில். அதை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றமாகவே இதைக் கருதி நடந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, அந்த இடம் வெறும் காப்புக்காடா, சரணாலயமா, புலிகள் காப்பகமா என்பது. ஊர்க்காரர்கள் மூன்றையும் ‘பாரஸ்ட்’ என்றே சொல்வார்கள். சட்டத்தில் அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சரணாலயத்துக்குள் நடந்த வேட்டைக்கு எந்த விலங்காக இருந்தாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அதே சட்டத்தில், அனுமதியில்லாமல் ஆயுதத்துடன் நுழைந்ததற்குப் பிரிவு 31, ஆபத்து விளைக்கும்படி தீயை விட்டதற்குப் பிரிவு 30 என்று அடுக்கடுக்காக வரும். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டி முடிக்கவும் முடியாது. மகஜரில் (பறிமுதல் செய்தபோது சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பதிவு) எழுதியிருக்கும் சரகம், பீட் (வனக் காவலரின் சுற்றுப்பகுதி), ஜிபிஎஸ் அளவுகளை வாங்கி அரசிதழ் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் தோட்டம் இருந்தால், அப்பா காலத்து எல்லையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இடம் காப்புக்காடு மட்டும்தான் என்று உறுதியானால், இணக்கக் கட்டணத்துக்கு, அதாவது வழக்கு நடத்தாமல் அதிகாரியிடம் ஒரு தொகை கட்டிக் குற்றத்தை முடித்துக்கொள்வதற்கு, வழி உண்டு. ஆனால் அது உரிமை அல்ல, அதிகாரியின் முடிவு. வன உயிரினச் சட்டம் பிரிவு 54-இன்கீழ் அதை ஏற்க மாநில அரசு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அந்த அதிகாரியும் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ரேஞ்சரோ வனவரோ கையில் வாங்கும் ரொக்கத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. உச்சவரம்பு இப்போது 5 லட்சம் ரூபாய். எழுத்துப்பூர்வ உத்தரவும் ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உத்தரவில் எந்தெந்தப் பிரிவுகள் முடிகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். வேட்டைக் குற்றம் முடிந்திருக்கும். வனச் சட்டத்தின் தீக் குற்றம் உயிரோடு இருக்கும், சில மாதம் கழித்து சம்மன் வரும். தீக் குற்றத்துக்கு வனச் சட்டத்தின்கீழ்த் தனி இணக்க உத்தரவு கேளுங்கள். துப்பாக்கி விவகாரம் போலீஸுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உரியது. அதை வனத்துறையால் முடித்துவைக்க முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுத்த உரிமம் தோட்டத்துக்குத்தான், காட்டுக்கு அல்ல. ரத்து செய்வதற்கான விளக்கம் கேட்கும் நோட்டீஸை எதிர்பாருங்கள். உரிமம் காலாவதியாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: உரிமமில்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு சிறை.

கட்டணம் கட்டியதாலேயே பைக்கும் துப்பாக்கியும் அரசுக்குப் போய்விடாது. இணக்கக் கட்டணத்தை ஏற்ற அதிகாரி, பறிமுதலான பொருளை அரசுடைமை என்று தானே அறிவிக்க முடியாது என்று 2011-இல் தமிழ்நாட்டு வேட்டை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் நடந்ததா, அதற்கு அந்தப் பொருள் பயன்பட்டதா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே கட்டணம் செலுத்தும் அன்றே, பொருளைத் திருப்பித் தரும்படி தனி மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

வாக்குமூலத்துக்குப் போவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். முன்ஜாமீன் மனுவை மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் போடலாமா என்று அன்றே முடிவெடுங்கள். வனத்துறை அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகள் அல்ல என்ற அடிப்படையில், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றங்கள் சாட்சியமாக ஏற்றிருக்கின்றன. ‘ஸ்டேஷனில் சொன்னது செல்லாது’ என்ற ஊர்ப்பேச்சை இங்கே நம்பினால் தம்பி சிக்கிக்கொள்வான். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கட்டும். எழுதியதை முழுதும் படித்து, தவறு இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே குறிப்பிடட்டும்.

தனக்கு எதிரான கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 20(3) பிரிவு உரிமை தருகிறது. பொய் சொல்ல அது உரிமை தரவில்லை. இந்த வழக்கில் எந்தப் பொய்யும் இன்னொரு குற்றத்தில் கொண்டுபோய் விடும். ‘சுருட்டுப் பிடிக்கத்தான் காட்டுக்குள் போனோம்’ என்றால் தீக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்; துப்பாக்கிக்கு விளக்கமும் இருக்காது. ‘தீ சுருட்டால் வரவில்லை, குழலில் திணித்த நாரும் துணியும் கனன்று விழுந்து பற்றியது’ என்றால், கரிமருந்துத் துப்பாக்கியில் அப்படி நடப்பது உண்மைதான், ஆனால் சுட்டதை நீங்களே நிரூபித்துவிடுவீர்கள். ‘பன்றி பாய்ந்து வந்தது, தற்காப்புக்குச் சுட்டோம்’ என்பதும் எடுபடாது. வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 11(2) தற்காப்பை அனுமதிக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தயவுசெய்து யாரையும் அனுப்பி அந்தச் சுருட்டுத் துண்டைத் தேடி எடுத்து அழிக்கச் சொல்லாதீர்கள். சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம். துண்டை வனத்துறை எடுத்திருந்தால், அதில் படிந்த எச்சிலின் டிஎன்ஏ மூலம் பிடித்தவர் யார் என்று காட்ட முடியும். ஆனால் அது ஆள் அங்கே இருந்ததைத்தான் காட்டும். தீ அதிலிருந்துதான் கிளம்பியது என்பதை அரசுத் தரப்பு தனியாக நிரூபிக்க வேண்டும். துண்டு தீ தொடங்கிய இடத்தில் கிடைத்ததா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், சாட்சி முன்னிலையில் சீல் வைத்தார்களா என்று மகஜரைப் பார்த்து உங்கள் வக்கீல் கேள்வி எழுப்பட்டும்.

பன்றித் தொல்லை இதனால் தீரவில்லை என்பது தெரியும். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். உங்கள் தோட்டம் எந்தத் தூரத்தில் இருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, சேதமான பயிரின் படம், சர்வே எண், சிட்டா நகல் இணைத்து கிராம நிர்வாக அலுவலருக்கும் சரக அலுவலருக்கும் மனு கொடுங்கள். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டைத் தனி விண்ணப்பமாகக் கேளுங்கள். தம்பி மீதான வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேதத் தடயம் அழிவதற்குள் அதிகாரி வந்து பார்த்தால்தான் இழப்பீடு நிற்கும்.