50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கு எவ்வளவு நீளமான பேரல் எடுப்பது?

கேள்வி கேட்டவர் ஏர் ரைஃபிளிலிருந்து பாயிண்ட் 22க்கு, அதாவது 0.22 அங்குலச் சிறு தோட்டா போடும் ரைஃபிளுக்கு, மாறுகிறார். கிளப்பில் ஒருவர் "நீளமா எடு, குறி தப்பாது" என்கிறாராம், இன்னொருவர் "குட்டையே போதும்" என்கிறாராம். அந்த முதல் ஆளைப் போன்ற ஒருவர் பேச்சைக் கேட்டு 69 செ.மீ. பேரல் (குண்டு போகும் குழல்) வாங்கியவன் நான். அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

நீளம் கூடினால் குண்டு வேகமாகப் போகும், வேகமாகப் போனால் குறி நிற்கும் என்பது பெரிய தோட்டாக்காரர்களின் கணக்கு. பால்மா என்ற நெடுந்தூரப் போட்டியில் 7.62 மி.மீ. ரைஃபிளை வைத்து 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் வரை சுடுகிறார்கள். அவ்வளவு தூரமும் குண்டு ஒலியைவிட வேகமாகவே போக வேண்டும். நடுவழியில் அதற்குக் கீழே இறங்கினால் தள்ளாடத் தொடங்கிவிடும். அவர்கள் 30 அங்குலப் பேரல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் தோட்டாவில் இருப்பதோ சிட்டிகை மருந்து. 40, 45 செ.மீ. தாண்டுவதற்குள் அது தன் வேலையை முடித்துவிடும். அதற்குப் பிறகு குண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உராய்வுதான். போட்டித் தோட்டாக்கள் வினாடிக்கு 330 மீட்டரை ஒட்டி, ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வேண்டுமென்றே செய்யப்படுகின்றன. 50 மீட்டருக்கு அது தாராளம். குறி நிற்பதெல்லாம் குழலின் உட்புறம் எவ்வளவு சீராக இருக்கிறது, குழல்வாய் அடிபடாமல் இருக்கிறதா, அந்தப் பேரலுக்கு எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டா ஒத்துப்போகிறது என்பவற்றைப் பொறுத்தது. குட்டையான தடித்த பேரல் விறைப்பாகவும் இருக்கும். பேரலுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை லாட் சோதனைக்கு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

சொல்லப்போனால், நீங்கள் இவ்வளவு நாள் சுட்டதே குட்டைப் பேரலில்தான். ஏர் ரைஃபிளில் சிஸ்டத்தின் (இயங்கும் பாகமும் பேரலும் சேர்ந்தது) பின்முனையிலிருந்து முன்முனை வரை 850 மி.மீ. தாண்டக் கூடாது என்பது விதி. அந்த நீளத்துக்குள்ளும் உள்ளே இருக்கும் உண்மையான குழல் 40 செ.மீ. சொச்சம்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது முன் சைட்டை, அதாவது குறிபார்க்கும் அமைப்பின் முன்பகுதியை, தாங்கும் வெறும் குழாய்.

நீளத்தால் நிஜமாகவே கிடைக்கும் லாபம் அந்த சைட்டில்தான் இருக்கிறது. இரண்டு சைட்டுக்கும் இடையே 800 மி.மீ. என்று வையுங்கள். முன் சைட்டை 0.1 மி.மீ. விலக்கிப் பிடித்தால் 50 மீட்டரில் 6.25 மி.மீ. தள்ளி விழும். இடைவெளி 1000 மி.மீ. என்றால் அதே பிசகுக்கு 5 மி.மீ.தான். இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. அதில் இந்த 1.25 மி.மீ. சும்மா இல்லை. ஆனால் இதற்கு நீளப் பேரல் தேவையில்லை. குட்டைப் பேரலின் முனையில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டி அதன் மேல் சைட்டை வைத்தால் போதும். (நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு முன் சைட் தள்ளிப் போனால் தெளிவாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம். என் கண்ணே சாட்சி.) ட்யூப் மாட்டியதும் முன் சைட்டுக்குள் இருக்கும் வளையத்தைப் பெரிதாக மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்துபோய், இலக்கின் கறுப்பைச் சுற்றி வெள்ளையே தெரியாமல் ஒரு வாரம் தோட்டாவை வீணடித்தேன்.

சரி, என் 69 செ.மீ. கதைக்கு வருகிறேன். நான் ஐந்தடி மூன்றங்குலம். படுத்துச் சுடும்போது ஸ்லிங் (கையில் மாட்டும் வார்) பாரத்தை வாங்கிக்கொள்வதால் ரைஃபிள் பாறை மாதிரி நின்றது. "பார்த்தியா, சொன்னேன்ல" என்று கிளப் அண்ணன் தோளைத் தட்டினார். எழுந்து நின்றதும் ஆரம்பித்தது வினை. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கிறோம், பாரமெல்லாம் கைக்கு முன்னால் தொங்குகிறது. சுற்றில் பாதி முடிவதற்குள் முனை மெல்லத் தாழும். அதைத் தூக்கிப் பிடிக்க முதுகை இன்னும் பின்னால் வளைப்பேன், மறுநாள் இடுப்பு பேசும். சமன் செய்யலாம் என்று பட்டில் (தோளில் பதியும் பின்பகுதி) எடைக்கட்டி சேர்த்தேன். ரைஃபிள் 7 கிலோவைத் தாண்டியதுதான் மிச்சம். விதிப்படி 8 கிலோ வரை போகலாம், ஆனால் அது என் முதுகுக்குத் தெரியவில்லையே!

இரண்டு சீசன் கழித்து அதை விற்றுவிட்டு, ட்யூப் வைத்த குட்டைப் பேரல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ட்யூப் லேசானது, அதனால் பாரம் கைக்கு மேலேயே வந்து உட்கார்ந்தது. நின்று சுடும் ஸ்கோர் கூடியது. அதே சமயம் கை வைக்கும் இடத்தையும் மாற்றிவிட்டதால், கூடிய புள்ளியில் பேரலின் பங்கு எவ்வளவு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

குட்டைப் பேரலில் குண்டு சீக்கிரம் வெளியேறிவிடும், டிரிக்கர் அழுத்திய பின் கை ஆடினாலும் பாதிக்காது என்றும் சிலர் சொல்வார்கள். 20 செ.மீ. குறைந்தால் மிச்சமாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

படுத்து மட்டுமே சுடப் போகிறீர்கள், ஆளும் உயரம் என்றால் ஆன்ஷூட்ஸ் கம்பெனியின் 1913 மாடலில் வரும் 69 செ.மீ. பேரல் தாராளமாகப் போதும், பழையது கிடைத்தால் விடாதீர்கள். மூன்று நிலையும் (மண்டியிட்டு, படுத்து, நின்று) சுடப் போகிறீர்கள் என்றால் அதே கம்பெனியின் 1907 மாடலில் வரும் 66 செ.மீ.க்கு மேலே போகாதீர்கள். என்னைப் போல் குள்ளமென்றால் குட்டைப் பேரலும் ட்யூபும். எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தோட்டா இல்லாமல், நின்ற நிலையில் இருபது முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.