டெல்டாவில் இருந்து போய், நடந்து இறங்கிப் பார்க்கிற மாதிரி மலை அருவி எது? முட்டி வலி உள்ள அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

கும்பகோணத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் வயலும் வாய்க்காலும் பார்த்தே வளர்ந்தவர்கள், ஒரு தடவையாவது மலை இடுக்குக்குள் நடந்து போய் ஓர் அருவியைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி, எந்த மாதம் போகலாம் என்று.

கொல்லிமலைக்குப் போங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இருந்து படி இறங்கினால் ஆகாய கங்கை. ஒகேனக்கலைப் பலர் சொல்வார்கள். நம் காவிரியே பாறை இடுக்கில் விழுகிற இடம், பரிசலில் போய்ப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் நீங்கள் கேட்கிற நடை அங்கே கிடையாது. நான் திருவையாற்றுக்காரன். இந்த அருவிக்காக மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவைதான் எல்லாம் கூடி வந்தது. அதனால் தப்பாகிப் போனதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு, நாமக்கல் மாவட்டம். உச்சி கூராக இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேலே வயல், வாழை, மிளகு, காபி, அன்னாசி, பலா என்று தனி உலகமே இருக்கிறது. ஊர்ப்பெயர்களும் வளப்பூர்நாடு, வாழவந்திநாடு என்று நாடு நாடாகத்தான் வரும். ஆனால் அந்தப் பரப்பின் ஓரத்துக்கு வந்தால் பாறை சட்டென்று செங்குத்தாக இறங்கிவிடும். மேலே சிதறி ஓடுகிற ஓடைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஓரத்தில் சுமார் 300 அடி விழுவதுதான் ஆகாய கங்கை. அந்த ஆற்றின் பெயர் ஐயாறு.

திருவையாற்றில் பிறந்தவனுக்கு மலைமேல் போய் அந்தப் பெயரைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று பிரிந்து போகிற ஐந்தை வைத்து எங்கள் ஊருக்குப் பெயர். அங்கே ஓடைகள் கூடி வருவதற்கு அதே பெயர். அந்த ஐயாறும் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்கி, திருச்சி மாவட்டத்துக்குள் ஓடிக் கடைசியில் காவிரியில்தான் சேர்கிறது. நாம் பார்க்கப் போவது வேறு யாருடைய தண்ணீரோ இல்லை.

ஆனால் இந்த உறவை வைத்துத்தான் முதல் தடவை கணக்குத் தப்பியது. அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்கள், கல்லணையும் திறந்து நாலு நாள் ஆகி எங்கள் படித்துறையில் தண்ணீர் தொட்டுவிட்டது, சரி, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அருவியிலும் இருக்கும் என்று நானும் அத்தானும் கிளம்பிவிட்டோம். போய்ப் பார்த்தால் பாறையில் ஒரு வெள்ளை நூல் மாதிரிதான் இறங்குகிறது. மேட்டூர்த் தண்ணீர் குடகில், கேரள எல்லையில் பெய்கிற மழையில் வருவது, அதையும் தேக்கி வைத்துத் திறப்பது. இந்த அருவிக்கு அணையும் கிடையாது, குடகு மழையும் கிடையாது; கொல்லிமலையில் பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. காவிரி கரை தொட்டு ஓடும்போது இது வற்றியும் இருக்கும், காவிரி மணலாகக் கிடக்கும்போது இது கொட்டவும் செய்யும்.

இரண்டாவது தடவை ஐப்பசியில் போனோம். தண்ணீர் ஏராளம், ஆனால் முந்தின இரவு மலையில் நல்ல மழை, வனத்துறை ஆட்கள் படி வழியை அடைத்துவிட்டார்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அதில் வருத்தம் உண்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏன் அடைக்கிறார்கள் என்று கீழே சொல்கிறேன். மூன்றாவது தடவை மார்கழிக் கடைசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தது, ஓடைகளில் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது, வெயிலும் சுடவில்லை. என்னைக் கேட்டால் கார்த்திகைப் பிற்பாதியில் இருந்து பொங்கல் வரைதான் சரியான காலம். நம் பக்கம் சம்பா கதிர் பிடித்து நிற்கும் நேரம், அறுப்புக்கு முன்னால் இரண்டு நாள் ஒதுக்க முடியும். ஆடி 18-க்குப் போக வேண்டாம். அன்று அங்கே வல்வில் ஓரி விழா, ஆற்றில் முழுகிவிட்டு அறப்பளீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்களின் கூட்டம் வேறு, படியில் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் இருக்காது. அன்றைக்கு நமக்குத்தான் காவிரிக் கரை இருக்கிறதே.

தஞ்சாவூரில் இருந்து திருச்சி, முசிறி, நாமக்கல், சேந்தமங்கலம் என்று போய் மலை ஏறினால் கோயில் வரை சுமார் 200 கிலோமீட்டர். கும்பகோணத்தில் இருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூடும். ஒரே நாளில் போய் வரலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். மலைமேல் இருக்கிற செம்மேட்டில் ஓர் இரவு தங்குங்கள். அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. தார் ரோட்டில் நேராகவே போய்ப் பழகிய நம் வயிறு இருபதாவது வளைவிலேயே புரட்ட ஆரம்பிக்கும். அடிவாரத்தில் பிரியாணி, புரோட்டா எல்லாம் வேண்டாம். இரண்டு இட்லி போதும், கையில் எலுமிச்சம்பழமோ சுக்கோ இருக்கட்டும். சொந்தக் கார் என்றால் இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாற்றாதீர்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

இனி படி. கோயில் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது, ஆயிரத்துக்கும் மேல். ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு படி சாண் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். மரங்கள் மூடியிருப்பதால் வெகு தூரம் வரை அருவி கண்ணில் படாது, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வரும். முதல் முந்நூறு படி பிள்ளைகள் ஓடித்தான் இறங்குவார்கள், பெரியவர்களுக்கும் இவ்வளவுதானா என்று தோன்றும். அறுநூறு படி தாண்டியதும் ஓர் இடத்தில் நின்றேன், நின்ற மாத்திரத்தில் இரண்டு கெண்டைக்காலும் தானாக நடுங்க ஆரம்பித்துவிட்டன. நடக்கும்போது தெரியவில்லை, நின்றால்தான் நடுங்குகிறது. உட்கார்ந்து தேய்த்துவிட்டு எழுந்தால் சரியாகிறது, மறுபடி நூறு படிக்கு அப்புறம் அதே நடுக்கம். நம் ஊரில் வரப்பில் எத்தனை மைல் நடந்தாலும் அந்தத் தசைக்கு இந்த வேலை வருவதே இல்லை. உடம்பு பலவீனம் என்று பயந்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் மாடிப்படி இறங்கும்போது வலிக்கும், அப்புறம் போய்விடும்.

படி ஓரத்தில் ஒரு அம்மா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றுக்கொண்டிருந்தார். கிழங்கைப் பார்த்தால் பழுப்பு ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணியின் தண்டு. ரோமத்தைச் சீவி எடுத்துவிட்டு, நசுக்கி, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. எங்கள் மூச்சைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இறங்கறப்ப எவ்வளவு வேணா பேசுங்க தம்பி. ஏறறப்ப வாயைத் திறக்காதீங்க." அத்தானும் நானும் அப்படியே செய்தோம். இறங்க எங்களுக்கு முக்கால் மணி நேரம், ஏற ஒன்றே முக்கால் மணி நேரம். ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று, மூக்கால் மூச்சு விட்டு, வாய் பேசாமல் ஏறினால் ஏறிவிடலாம். போட்டி போட்டுக்கொண்டு ஏறின ஒரு பையன் பாதி வழியில் வாந்தி எடுத்து உட்கார்ந்ததைப் பார்த்தோம். உப்புப் போட்ட மோரும் கடலை மிட்டாயும் கையில் இருக்கட்டும், ஆனால் வெளியே தெரிகிற மாதிரி பிடிக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். முற்பகலிலேயே இறங்கிவிடுங்கள், மாலைக்குள் வழியை மூடிவிடுவார்கள்.

காலுக்குப் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். நான் ரப்பர் செருப்போடு போய்க் கடைசிப் படிகளில் வழுக்கினேன், சாரல் விழுந்து பாசி பிடித்த படி, கைப்பிடிக் கம்பியும் நனைந்திருந்தது, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அந்தக் காலோடு ஏறியது எனக்கு மறக்காது.

கீழே போய் நின்றதும் முதலில் தெரிவது காற்று. தண்ணீர் விழுகிற வேகத்துக்கு அந்த இடுக்கில் ஒரு காற்று கிளம்பி நம்மைப் பின்னால் தள்ளுகிறது. கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். மூன்று பக்கமும் பாறை நிமிர்ந்து நிற்கிறது, வானம் ஒரு துண்டுதான் தெரிகிறது. தொடுவானம் வரை பச்சையாகவே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தத் துண்டு வானமே பெரிய அதிசயம். அத்தான் மகள், ஏழாவது படிக்கிறாள், இது நம்ம ஆத்துக்குத்தான் வருதா மாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் குனிந்து கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ மழை பெய்துகொண்டிருக்கலாம். ஆற்றில் புதுத் தண்ணீர் வருவது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: முன்னால் நுரை, அப்புறம் செத்தை, சருகு, சுள்ளி, பின்னால் கலங்கல். நம் ஊரில் மணலில் அது மெல்ல ஊர்ந்து வரும், பிள்ளைகள் அதன் முன்னாலேயே நடந்து விளையாடுவார்கள். மலையில் அதே தண்ணீர் சில நிமிஷத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் திடீரென்று கனத்தாலோ பையைக்கூட எடுக்காமல் படிக்கு ஏறிவிடுங்கள். வனத்துறையினர் வழியை அடைப்பது இதற்காகத்தான். அடைத்த நாளில் வேறு யாரோ காட்டுகிற குறுக்கு வழியில் போகாதீர்கள். புளியஞ்சோலையில் இருந்து காட்டு வழியாக மேலே ஏறலாம் என்று சொல்கிறவர்களிடமும் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அம்மா விஷயம். முட்டி வலி இருப்பவர்களை இந்தப் படியில் இறக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டாலும் வேண்டாம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டியில் பாரம் அதிகம், பாதியில் வலி எடுத்தால் தூக்கி வர ஆளும் கிடைக்காது, டோலியும் இல்லை. அதற்காக வீட்டில் விட்டுவிட்டும் போகாதீர்கள். அதே மலைமேல் இருக்கிற மாசிலா அருவிக்குக் கொஞ்சம் படிதான், மெல்லப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போய்க் குளிக்க வைக்கலாம். வண்டியில் திரும்பும்போது நேரம் இருந்தால் துறையூர்ப் பக்கம் வந்து புளியஞ்சோலையில் ஓடைத் தண்ணீரில் உட்கார வையுங்கள், மேலே பார்த்த அதே ஐயாறு அங்கே முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் மேல் ஓடும். நீங்கள் ஆகாய கங்கைக்கு இறங்குகிற மூன்று மணி நேரமும் அம்மா அறப்பளீஸ்வரர் கோயிலில் இருக்கட்டும். நாகப்பட்டினம் பக்கம் உறவு உண்டென்றால் அவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: வடக்குப் பொய்கைநல்லூரில் சமாதி கொண்டிருக்கிற கோரக்கர் சித்தர் தவம் செய்த குகை என்று இந்த அருவிப் பக்கத்தில்தான் ஒரு குகையைக் காட்டுகிறார்கள்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். கோயிலை ஒட்டி ஓடுகிற ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்த மீனைப் பொருத்தி ஓட விட்டவர் அந்த ஈஸ்வரர் என்று கதை. அம்மா அந்த மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த மலைக்காரப் பாட்டியிடம் நெல் விலையும் மிளகு விலையும் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் நொண்டிக்கொண்டு ஏறி வந்ததும் காலைப் பார்க்கவில்லை, முதலில் கேட்டது "தண்ணி நல்லா வருதா?" என்றுதான். ஒவ்வொரு வருஷமும் கல்லணை திறந்ததும் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வி. எவர்சில்வர் பாட்டிலில் பிடித்து வந்திருந்ததைக் கொடுத்தேன். தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நீங்களும் ஒரு காலி பாட்டில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கீழே குளிக்கிற இடத்தில் பிடிக்காமல், ஆட்கள் இறங்காத மேல் பாறையில் வழிகிற தண்ணீரைப் பிடியுங்கள்.