வாசகர் கேள்வி-பதில்: பாக்காவ் மரத்தில் நாடாவை எங்கே பிடிப்பது?

கேள்வி: ஆறாம் படிவ உயிரியல் செயல்திட்டத்துக்காகக் கோலசிலாங்கூர் பக்கம் கடலோரச் சதுப்புக் காட்டில் மரங்களை அளந்தோம். அங்கு வளரும் பாக்காவ் என்ற சதுப்புநில மரம் ஒன்று இரண்டரை டன் என்று கணக்கு வருகிறது. ஆசிரியர் நம்பவில்லை. தவறு எங்கே?
- மாணவி, புக்கிட் ரோத்தான்

பதில்: ஆசிரியர் சந்தேகப்பட்டது சரிதான். உங்கள் தாளில் விட்டம் என்ற கட்டத்தில் 47.1 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். தையல் நாடாவை மரத்தைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு. அதை 3.14ஆல் வகுங்கள், விட்டம் 15 செ.மீ. வரும்.

நீங்கள் எடுத்துக்கொண்டது 2005இல் கொமியாமா குழுவினர் வெளியிட்ட சமன்பாடு: நிலத்துக்கு மேலுள்ள காய்ந்த எடை (கிலோ) = 0.251 × மர அடர்த்தி × விட்டத்தின் 2.46ஆம் அடுக்கு. அடர்த்தி 0.77 என்றால் 15 செ.மீ. மரம் ஏறக்குறைய 151 கிலோ. சுற்றளவை அப்படியே போட்டதால் விடை 16 மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. இந்த அடுக்கு பொல்லாதது. விட்டத்தில் 10 விழுக்காடு கூடினாலே எடை 26 விழுக்காடு கூடிவிடும்.

ஆகவே நாடா பிடிக்கும் இடம் முக்கியம். அதே சதுப்பில் வளரும் அப்பி-அப்பி மரத்துக்கு நெஞ்சளவு, அதாவது 1.3 மீட்டர். பாக்காவுக்கு அது பொருந்தாது. அந்த உயரத்தில் முட்டுக்கால் வேர்கள்தான் கிளைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே கிளம்பும் வேரைக் கண்டுபிடித்து, அதற்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். நாடாவுக்கு அடியில் சிப்பியோ காய்ந்த சேறோ இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள்.

10க்கு 10 மீட்டர் கட்டம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கயிறு வேர்களைச் சுற்றி வளைந்து போனால் கட்டம் சுருங்கிவிடும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள்; இரண்டு பக்கமும் 14.14 மீட்டர் வந்தால்தான் சதுரம். எல்லைக் கயிற்றின்மேல் நிற்கும் மரங்களை இரண்டு பக்கங்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளந்த மரத்தில் ராஃபியா கயிறு கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்து வாருங்கள். ஈரப் பட்டையில் சுண்ணக்கட்டி ஒட்டாது.

உங்கள் தாளில் நீரின் உப்பளவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்ததற்குக் காரணம், ஓடை நீரை மொண்டதுதான். வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கும் நீரை. 30 செ.மீ. குழி தோண்டி, முதலில் ஊறும் நீரை இறைத்துவிட்டு, அடுத்து ஊறுவதை வடிகட்டிச் சோதியுங்கள். கலங்கல் நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) விட்டால் கோடு மங்கிவிடும். அதற்கு முன் காய்ச்சி வடித்த நீரில் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

தேசிய ஹைட்ரோகிராஃபி மையத்தின் கடல்நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, கடல் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் வெளியேறிவிட வேண்டும். மீதி மரங்களை மறுநாள் அளக்கலாம். வற்றும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வனக் காப்புப் பகுதி என்றால் மாநில வன இலாகாவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டம் ஆற்றை ஒட்டியது. கரையில் பெரம்பாங் மரங்களை விட்டுவிட்டு, கீழே உள்ள புதரை மட்டும் வெட்டினால் மின்மினிக்குக் கெடுதல் உண்டா?
- தோட்ட மேற்பார்வையாளர், பெஸ்தாரி ஜெயா

பதில்: உண்டு. மரத்தில் மினுக்குவது வளர்ந்த பூச்சி. அதன் புழு கரையிலுள்ள ஈர மண்ணில், குப்பை இலைக்கடியில் நத்தையைத் தின்று வளர்கிறது. புதரை வெட்டினால் வெயில் இறங்கி மண் காய்ந்துவிடும். நத்தை குறையும், அதோடு புழுவும் குறையும். பூச்சிமருந்து அடிப்பதும் அந்தக் கரையோரத்தில் வேண்டாம். கரையோரம் வெள்ளை விளக்குப் போட்டிருந்தால் தரையை நோக்கித் திருப்பி, மேலே மூடி வையுங்கள். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வது அந்த மினுக்கலை வைத்துத்தான்.