பித்தநாளம் அடைபட்டிருக்கும்போது குடித்தால் கல்லீரல் என்சைம்கள் என்ன ஆகும்?

பித்தநாளத்தில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது, அவ்வப்போது குடிக்கும் பழக்கமும் உண்டு, ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருப்பது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாலும் ஏறும். அதனால்தான் எங்கள் வீட்டில் பெரிய தப்பு நடந்தது.

என் சித்தப்பா பல வருடம் குடித்தவர். ஜிஜிடி 600 தாண்டியதும் பயந்துபோய் அடியோடு விட்டார். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் 900. "சத்தியமா தொடல" என்றார். நாங்கள் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. ராத்திரியெல்லாம் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிந்துகொண்டே இருந்தார். சிறுநீர் அடர் பழுப்பு, மலம் வெளுத்த களிமண் நிறம். அப்புறம் எடுத்த ஸ்கேனில்தான் கல் தெரிந்தது. பாவம், அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

கல்லீரலில் பித்தம் ஓடும் நுண்குழாய்களை ஒட்டிய செல் சவ்வில்தான் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற இன்னொரு என்சைமும் ஜிஜிடியும் இருக்கின்றன. வழி அடைபட்டால் தேங்கும் பித்த உப்பு சோப்பு மாதிரி அவற்றைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. கூடவே செல்களும் ஆல்கலைன் பாஸ்படேஸை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆகவே கல் சிக்கிய முதல் நாளில், கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் மட்டும் எகிறி, ஆல்கலைன் பாஸ்படேஸ் பின்தங்கி வரலாம்.

மதுவின் வழி வேறு. செல் பெரிதாகச் சேதமாகாவிட்டாலும் ஜிஜிடி உற்பத்தியை அது தூண்டிவிடும். நீண்ட நாள் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கு எஸ்ஜிஓடி அளவு எஸ்ஜிபிடி அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது பரவலாகக் காணப்படும். பி6 வைட்டமின் குறைவதால் எஸ்ஜிபிடி அவ்வளவாக ஏறாது.

அடைப்பும் மதுவும் சேர்ந்தால் இரண்டுமே ஜிஜிடியை மேலே தள்ளும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ், டைரக்ட் பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திப் பித்தத்தில் அனுப்பும் மஞ்சள் நிறமி) இரண்டும் கூடவே ஏறியிருந்தால் அடைப்பின் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். சில சமயம் மதுவால் வரும் கல்லீரல் அழற்சியும் இதே தோற்றம் காட்டும் என்பதால் ஸ்கேன் கட்டாயம். குடியை நிறுத்தினால் ஜிஜிடி சுமார் 2 முதல் 3 வாரத்தில் பாதியாகும். இறங்கவே இல்லையென்றால் ஆளைச் சந்தேகப்படாமல் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

கல் எடுக்கும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். தேங்கிய பித்தத்தால் ஏற்கனவே அடிபட்டிருக்கும் செல்லின் மேல், மது சிதைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் சேர்ந்து விழும். மஞ்சள் காமாலையோடு குளிர்க்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் நாளத்தில் கிருமித்தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கடைசியாகக் குடித்த தேதியை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஜிஜிடியைப் படிக்க அவருக்கு அது தேவை.

எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்தபின் சித்தப்பாவுக்கு முதலில் அரிப்பு நின்றது. பிலிருபின் இறங்கியது. ஜிஜிடிதான் கடைசியாக, மெல்ல மெல்ல இறங்கியது.