18,000 தையல், எட்டு மாதம்: கிராஸ் ஸ்டிச்சுக்கு நேரமும் இடமும் ஒதுக்குவது எப்படி?

கேள்வி: வேலைக்குப் போகிறேன். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணியில், 150க்கு 200 கட்டம் உள்ள மயில் படம் ஒன்றைத் தொடங்கினேன். கழுத்து முடிந்ததோடு நிற்கிறது. எட்டு மாதத்தில் வரும் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இதைக் கொடுக்க ஆசை. இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அரை மணி நேரம் கிடைக்கிறது. நூலைத் தேடி எடுத்து உட்காருவதற்குள் அதுவும் போய்விடுகிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் கைவேலைக்கென்று ஓர் இடம் அமைக்க முடியுமா? நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்:

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் கிடைக்கவில்லை என்ற குறையில் பாதி, எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியாமல் தொடங்குவதால் வருவது.

150 × 200 என்றால் 30,000 கட்டங்கள். மயில் படங்களில் பெரும்பாலும் பின்னணியின் ஒரு பகுதி வெறும் துணியாகவே விடப்பட்டிருக்கும். 60 சதவீதம்தான் தையல் என்று வைத்தாலும் 18,000 தையல் வருகிறது. உங்கள் சார்ட்டில் (எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் தாள்) பத்துப் பத்து கட்டங்களுக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். அப்படிப்பட்ட ஒரு சதுரத்தில் 100 கட்டம். நிறைந்தது, பாதி நிறைந்தது, வெறுமையானது என்று சதுரங்களை எண்ணிக் கூட்டினால் உங்கள் படத்தின் எண்ணிக்கை ஓரளவு சரியாகத் தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் வேகம். ஒரே நிறமாக உள்ள இடத்தில் 15 நிமிடம் தைத்து, எண்ணிக்கையை நான்கால் பெருக்குங்கள். ஐந்தாறு நிறங்கள் சிதறிக் கிடக்கும் இடத்திலும் அதே போல அளந்து பாருங்கள். பழகிய கை ஒரு மணி நேரத்தில் சுமார் 100 தையல் போடும். நிறங்கள் சிதறிய இடத்தில் இது பாதியாகக் குறைவது சகஜம். அங்கே நேரத்தைத் தின்பது தையல் அல்ல. நூலை மாற்றுவதும் முடிப்பதும்தான்.

மணிக்கு 100 என்று வைத்தால் 18,000 தையலுக்கு 180 மணி நேரம். வாரத்தில் ஐந்து இரவு அரை மணி, ஞாயிறு மதியம் ஒன்றரை மணி என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் கிடைக்கும். எட்டு மாதத்தில் 34 வாரம் இருக்கிறது. பண்டிகை, பரீட்சை, காய்ச்சல் என்று மூன்று வாரத்தைக் கழியுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடிச் சட்டம் போட இன்னொரு மூன்று வாரம் போகும். மீதி 28 வாரம், 112 மணி நேரம், 11,200 தையல். ஆக, இப்போதைய ஏற்பாட்டில் மயில் முடியாது. இதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடிப்பதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

படத்தைக் கெடுக்காமல் இதைச் சரிக்கட்ட வழி உண்டு. வானம், புல்வெளி போன்ற பின்னணியை, பெருக்கல் குறி போல இரண்டு சாய்வுத் தையல் போடும் முழு கிராஸுக்குப் பதில் அரை கிராஸாக, அதாவது ஒரே ஒரு சாய்வுத் தையலாகப் போடலாம். பின்னணி 6,000 தையல் என்றால் ஏறக்குறைய 3,000 தையலின் உழைப்பு மிச்சம். மயில் முன்னால் எழுந்து நிற்பது போலவும் தெரியும். ஒரு நிபந்தனை: உங்கள் முழு கிராஸின் மேல் இழை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அரை கிராஸும் அதே பக்கம் சாய வேண்டும். பின்னணியில் ஏற்கெனவே முழு கிராஸ் போட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள். ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பார்டர் இருந்தால் விட்டுவிடுங்கள், மரச்சட்டமே பார்டராக நிற்கும். அதில் 2,000 குறைந்தால் மீதி 13,000. 130 மணி நேரம். வாரத்துக்கு நாலரை மணிக்குச் சற்று மேல். ஞாயிறு மதியத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் முடித்துவிடலாம். முடிந்துபோன கழுத்துப் பகுதி உங்கள் கையிருப்பு.

அதற்கும் இடமில்லை என்றால், கிரகப்பிரவேசத்துக்குக் குத்துவிளக்கு அல்லது கோலம் போன்ற 70க்கு 70 கட்ட டிசைன் ஒன்றை எடுங்கள். 14 கவுண்டில் அது 5 அங்குலச் சதுரம். பாதி நிறைந்திருந்தால் 2,450 தையல், ஆறேழு வாரத்தில் முடியும். மயிலை நாள் குறிக்காமல் தையுங்கள். அவசரமாகத் தைத்த பெரிய படத்தைவிட நிதானமாக முடித்த சிறிய படம் சுவரில் அழகாக இருக்கும் என்பதே எங்கள் கருத்து.

இரவுக்கு ஒரு வேலை, பகலுக்கு ஒரு வேலை

கிராஸ் ஸ்டிச்சில் மூன்று வகை வேலை கலந்திருக்கிறது. சார்ட்டைப் பார்த்து எண்ணி, ஒரு நிறத்தின் எல்லையைப் போடுவது கவனம் கேட்கும். எல்லைக்குள் நிரப்புவதைப் பேசிக்கொண்டே செய்யலாம். நூல் வெட்டுவது, கோப்பது, எண் ஒட்டுவது எல்லாம் ஆயத்த வேலை. களைத்த கண்ணோடு இரவு பத்து மணிக்கு எண்ணுகிற வேலையை எடுப்பதால்தான் பிழை வருகிறது. மறுநாள் அரை மணியும் பிரிப்பதிலேயே போகிறது.

ஞாயிறு பகல் வெளிச்சத்தில் எல்லைகளை மட்டும் போட்டு வையுங்கள். வார இரவுகளில் நிரப்பினால் போதும். ஞாயிறு முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி, வாரத்துக்குத் தேவையான நிறங்களில் எட்டுப் பத்து ஊசிகளைக் கோத்து, நிற எண்ணை எழுதிய அட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிடமாவது மிச்சமாகும்.

கோக்கும்போதே முடிச்சில்லாத் தொடக்கத்துக்கு ஆயத்தம் செய்துவிடலாம். 14 கவுண்டுக்கு இரண்டு இழை வேண்டும். கண்டில் உள்ள ஆறு இழையில் ஒன்றை மட்டும் 90 செ.மீ. நீளத்துக்கு உருவி, இரண்டாக மடித்து, வெட்டிய இரு நுனிகளையும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் சாய்வுத் தையலைப் போட்டு ஊசி பின்பக்கம் வந்ததும், அங்கே நிற்கும் கண்ணி வழியாக இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கம் மூன்று நான்கு தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள். மடித்த பிறகு நீளம் 45 செ.மீ. தாண்டக் கூடாது. தாண்டினால் துணித் துளையில் உரசி உரசி நூல் மெலியும், பஞ்சு கிளம்பும், பளபளப்பு போகும்.

எந்த இரவும் ஒரு வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள். தொடங்கிய வரிசையை முடித்து, தைத்த கட்டங்களைச் சார்ட்டில் ஹைலைட்டரால் அடித்துவிட்டு வையுங்கள். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

இடம்: அறை வேண்டாம், டிராலி போதும்

உங்களைப் போன்ற வீட்டில் தனி அறையைத் தேட வேண்டாம். எடுத்து வைக்கவும் திரும்பக் கட்டி வைக்கவும் ஆகும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள் வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. சக்கரம் வைத்த மூன்றடுக்கு டிராலி இதற்குப் போதும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாதவர்களுக்கும் இதுவே வசதி. மேல் தட்டில் இப்போது தைக்கும் வேலை மட்டும், ஜிப் வைத்த ஒரே பையில்: துணி, சார்ட், அந்தப் படத்துக்கான நூல், சின்னக் கத்தரி, கோத்த ஊசி அட்டை. நடுத்தட்டில் நூல் பெட்டி. கீழே புதுத் துணி, துணியை இழுத்துப் பிடிக்கும் ரிங்குகள், சட்டம். இரண்டாவது படம் தொடங்கினால் அதற்கு வேறு பை, வேறு கத்தரி. ஒரு கத்தரியை இரண்டு பைக்கு மாற்றுவதில்தான் தேடல் தொடங்குகிறது.

நூல் கண்டுகளைப் பிளாஸ்டிக் அட்டையில் சுற்றி, தலையில் எண்ணை எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரும் சேர்த்து எழுத வேண்டும்: கறுப்பு டி.எம்.சி.யில் 310, ஆங்கரில் 403. எண்ணை மட்டும் எழுதினால் இரண்டு பிராண்டும் கலந்துவிடும். ஒரு கண்டு 8 மீட்டர்; இரண்டு இழையில் தைக்க 24 மீட்டர் கிடைக்கும். 14 கவுண்டில் நுனி வெட்டு, வீண் எல்லாம் போக ஒரு கண்டுக்கு 1,500 தையல் என்று கணக்கு வைத்தால் நூல் போதாமல் போகாது. பின்னணி நிறத்துக்கு வேண்டிய எல்லாக் கண்டுகளையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். சாயத் தொகுதி (ஒரே முறையில் சாயம் போட்ட நூல்) மாறினால் அகலமான பரப்பில் கோடு போட்டது போலத் தெரியும்.

விளக்குக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். வீட்டு மஞ்சள் விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். சந்தனமும் வெளிர் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும். 5,000 முதல் 6,500 கெல்வின் வரையிலான (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) எல்.இ.டி. மேசை விளக்காக, சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வலது கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கத் தோளுக்கு மேலிருந்து விழ வேண்டும், இல்லையென்றால் ஊசியின் மேல் கை நிழல் படும். நாற்காலிக்கு முதுகுச் சாய்வு அவசியம். 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். கழுத்தும் கட்டைவிரல் அடியும் நன்றி சொல்லும்.

டிராலியைச் சமையலறைக்கு அருகே நிறுத்தாதீர்கள். தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு வெள்ளைத் துணியில் மெதுவாக ஏறும், வந்த பிறகுதான் தெரியும். ஜன்னல் வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும், அதிலும் கடலோர ஊர்களில் சீக்கிரம். ஒருநாள்கூட ஊசியைத் துணியில், அதுவும் படம் வரும் இடத்தில் குத்தி வைக்காதீர்கள். துருக்கறை துவைத்தாலும் லேசில் போகாது. கை வியர்வையில் முலாம் போய்க் கறுத்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள். 14 கவுண்டுக்கு 24ஆம் எண், நுனி மழுங்கிய டேப்பஸ்ட்ரி ஊசி சரி. நூல் பெட்டியிலும் பையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், பையை மூடுமுன் ஊசிகளை எண்ணுங்கள்.

நேரத்தைத் திருடும் பிழைகள்

எண்ணுவதில் வரும் பிழைக்கு நல்ல மருந்து, துணியிலேயே பத்துப் பத்து கட்டங்களுக்குக் கோடு ஓட்டிவிடுவது. வெளிர் நிறப் பாலியஸ்டர் நூலால் நீண்ட ஓட்டுத் தையல் போட்டால் சார்ட்டின் தடித்த கோடும் துணியின் கோடும் ஒத்துப்போகும். ஒரு கட்டம் தவறினால் அந்தச் சதுரத்துக்குள்ளேயே பிடிபடும். கழுத்து முடிந்த உங்கள் துணியிலும், அதைச் சுற்றி மீதிப் பகுதிக்கு இப்போதும் ஓட்டலாம். இரண்டு மணி நேரம் ஆகும், அது வீண் போகாது. ஓட்டு நூலைத் தையல் ஊசி குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குத்திவிட்டால் கடைசியில் உருவ வராது. தண்ணீரில் போகும் பேனாவால் கோடு போட்டவர்கள், குளிர்ந்த நீரில் முழுவதும் அலசி எடுக்கும் வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. சூடு பட்டால் கோடு நிலைத்துவிடலாம்.

பிழை கண்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. தோகையில் ஒரு தையல் நிறம் மாறியிருந்தால் யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள். ஒரு கட்டம் தள்ளிப்போய் அடுத்த பகுதியோடு சேராது என்றால் அன்றே பிரியுங்கள். நூலைப் பின்பக்கம் வெட்டி, சின்ன இடுக்கியால் உருவுவது வேகமான வழி. பிரித்த நூலில் மறுபடி தைக்காதீர்கள், பஞ்சு எழுந்திருக்கும்.

ரிங்கை ஒவ்வோர் இரவும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் ரிங் பட்ட வட்டத்தில் அழுக்கும் மடிப்பும் படியும். உள் வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் துணி நழுவாது, அழுத்தத் தடமும் குறையும். துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

ஐடாவுக்குப் பதில் கடையில் மேட்டி என்ற கட்டத் துணியை வாங்கித் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மேட்டி துணிகளில் நீளவாக்கில் அங்குலத்துக்கு இருக்கும் கட்டமும் அகலவாக்கில் இருக்கும் கட்டமும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் 4 அங்குலம் அளந்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் வட்டமான தாமரை முட்டை வடிவில் வரும். உங்கள் ஐடா துணியில் இந்தக் கவலை இல்லை.

கடைசி மூன்று வாரம்

தையல் முடிந்ததும் ஓட்டு நூல்களை உருவிவிட்டு, குளிர்ந்த நீரில் மிதமான சோப்புக் கரைசலில் அமிழ்த்தி எடுங்கள். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. தண்ணீரில் நிறம் தெரிந்தால் துணியைக் காய விடாதீர்கள், தண்ணீர் தெளியும் வரை குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். காய்ந்துவிட்ட சாயக்கறையை எடுப்பது மிகக் கடினம். தடித்த டவலில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, இன்னொரு டவலின் மேல் படத்தைக் குப்புறப் போட்டு, லேசான ஈரத்தோடு பின்பக்கமாக இஸ்திரி போட்டால் தையல் நசுங்காது.

உங்கள் படம் 14 கவுண்டில் ஏறக்குறைய 10.7க்கு 14.3 அங்குலம் வரும். சுற்றிலும் 3 அங்குலம் துணி விட்டிருந்தால் சட்டம் போடுபவருக்கு இழுத்துக் கட்ட வசதி. அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: துணியைப் பசை போட்டு ஒட்டாமல் அட்டையின் பின்னால் நூலால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், கண்ணாடி தையல் மேல் படாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பசை நாளாக நாளாக மஞ்சளாகும். கண்ணாடியில் ஒட்டினால் மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.