காற்றிறங்கிய பந்து, கமிஷனரின் தீர்ப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் பந்தெறியும் வீரர் டாம் பிரேடிக்கு 2015இல் விதிக்கப்பட்ட 4 ஆட்டத் தடை நியாயமற்றது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிக்க எளிதாக இருக்கட்டும் என்று அவர் அணியினர் பந்திலிருந்து காற்றை இறக்கினார்கள். விசாரணை நடக்கும்போதே பிரேடி தன் செல்போனை அழித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமே தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. வீரர்கள் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படிதான் எல்லாம் நடந்தது. பெரிய நட்சத்திரம் என்பதால்தானே இவ்வளவு பரிவு? பெயர் தெரியாத ஒரு வீரருக்கு இது நடந்திருந்தால் எழுதியிருப்பீர்களா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் தெரியாத வீரரை மனதில் வைத்துத்தான் அதை எழுதினேன். பிரேடியால் 14 மாதம் வழக்காட முடிந்தது. 2012இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி வீரர்கள் நால்வர் தண்டிக்கப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி வீரர்களைக் காயப்படுத்தினால் பரிசுப்பணம் என்று ஒரு திட்டம் இருந்ததாகக் குற்றச்சாட்டு. ஜொனாதன் வில்மாவுக்கு முழு சீசனும் தடை, ஆந்தனி ஹார்குரோவுக்கு 8 ஆட்டங்கள், வில் ஸ்மித்துக்கு 4, ஸ்காட் ஃபுஜிடாவுக்கு 3. பல சுற்று இழுபறிக்குப் பிறகு, கமிஷனராக, அதாவது லீகின் தலைவராக, முன்பு இருந்த பால் டாக்லியபூவிடம் மேல்முறையீடு ஒப்படைக்கப்பட்டது. மூவர் நடந்துகொண்ட விதம் லீகுக்குக் கேடு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் நால்வரின் தடையையும் ரத்து செய்தார். அதற்குள் ஹார்குரோவை அவர் சேர்ந்திருந்த புதிய அணி விடுவித்துவிட்டது. அதன்பின் அவர் என்எஃப்எல் சீசன் ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. தண்டனை ரத்தானதால் அவருக்கு என்ன கிடைத்தது?

இனி பிரேடி வழக்குக்கு வருகிறேன். "காற்றை இறக்கினார்கள்" என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

2015 ஜனவரி 18, ஃபாக்ஸ்பரோ மைதானம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸை 45–7 என்று வென்ற அரையிறுதி. இந்த விளையாட்டில் தாக்கி ஆடும்போது ஒவ்வொரு அணியும் தன் பந்துகளையே பயன்படுத்தும். விதிப்படி பந்துக்குள் அழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வரை இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் நடுவர் வால்ட் ஆண்டர்சன் பந்துகளைச் சோதித்தார். பேட்ரியட்ஸ் பந்துகள் ஏறத்தாழ 12.5, கோல்ட்ஸ் பந்துகள் ஏறத்தாழ 13. "ஏறத்தாழ" என்று சொல்லக் காரணம் உண்டு: எந்தப் பந்துக்கும் அளவு எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை.

ஆண்டர்சனிடம் அழுத்தத்தை அளக்கும் கேஜ்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் லோகோ உண்டு, மற்றதில் இல்லை. லோகோ உள்ளது மற்றதைவிட 0.3 முதல் 0.45 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளை இரு நடுவர்கள் ஆளுக்கொரு கேஜால் அளந்தார்கள். சராசரி ஒருவருக்கு 11.49, மற்றவருக்கு 11.11. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை மட்டும் அளந்ததோடு நேரம் முடிந்துவிட்டது.

இப்போது குளிரின் கணக்கு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும். ஆகவே 12.5 உடன் வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்ட வேண்டும்: 27.2. ஆட்டத்துக்கு முன் பந்துகளைச் சோதித்த அறையின் வெப்பம் 67 முதல் 71 ஃபாரன்ஹீட், மைதானத்தில் 48. முழுமை வெப்பநிலையில் (ஃபாரன்ஹீட்டோடு ஏறத்தாழ 460ஐக் கூட்டினால் வருவது) 71 என்பது 531, 48 என்பது 508. 27.2ஐ 508ஆல் பெருக்கி 531ஆல் வகுத்தால் 26.02. அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 11.32. அறை 67 என்று வைத்தால் 11.52. அதாவது யார் கையும் படாமலே, குளிர் மட்டுமே அந்தப் பந்துகளை 11.32க்கும் 11.52க்கும் இடையே கொண்டுவந்திருக்கும். லீக் அமர்த்திய நிபுணர்கள் சொன்னதும் இதே வரம்புதான்.

முன்சோதனைக்கு ஆண்டர்சன் லோகோ கேஜைப் பயன்படுத்தியிருந்தால், ஒப்பிட வேண்டியது லோகோ கேஜின் 11.49ஐ. அது வரம்புக்குள் உட்காருகிறது. மற்ற கேஜைப் பயன்படுத்தியிருந்தால் 11.11, வரம்புக்குக் கீழே. வழக்கின் அறிவியல் பாதி முழுவதும் இந்த ஒரே கேள்வியில் தொங்குகிறது. ஆண்டர்சன் தன் நினைவுக்கு எட்டியவரை லோகோ கேஜைத்தான் பயன்படுத்தியதாகச் சொன்னார். விசாரணை நடத்திய வக்கீல் டெட் வெல்ஸின் 243 பக்க அறிக்கை அவருடைய மற்ற நினைவுகளை நம்பியது, இதை மட்டும் ஏற்கவில்லை.

லீக் தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கோல்ட்ஸின் நான்கு பந்துகளில் அழுத்தம் அவ்வளவு இறங்கவில்லை, ஒரே குளிர்தானே என்பது அது. ஆனால் குளிர்ந்த பந்தைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தம் ஏறும். பேட்ரியட்ஸ் பந்துகள் முதலில் அளக்கப்பட்டன, கோல்ட்ஸ் பந்துகள் பிறகு. எந்தப் பந்து எத்தனையாவது நிமிடத்தில் அளக்கப்பட்டது என்ற பதிவு இல்லை. மழையில் நனைந்த பந்தா, உலர்ந்த பந்தா என்ற பதிவும் இல்லை. பதிவில்லாத அளவை வைத்து ஒருவரின் நேர்மையைத் தீர்ப்பது எப்படி முறையாகும்?

அணியின் ஊழியர்கள் இருவருக்கிடையே போன குறுஞ்செய்திகள் சந்தேகத்துக்கு இடம் தருபவை. அவர்களில் ஒருவர் ஆட்டத்துக்குச் சற்று முன் பந்துப் பையோடு கழிவறைக்குள் போய் 1 நிமிடம் 40 நொடி இருந்ததும் உண்மை. விசாரித்தது சரி என்றே நினைக்கிறேன். விசாரணைக்குப் பின் நடந்ததுதான் என் புகார்.

வெல்ஸ் அறிக்கை பிரேடியைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: ஊழியர்களின் தகாத செயல் குறித்துக் குறைந்தபட்சம் பொதுவாகவாவது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். செய்தார் என்றோ செய்யச் சொன்னார் என்றோ அது சொல்லவில்லை. மே 11 அன்று தண்டனை வந்தது. பிரேடிக்கு 4 ஆட்டங்கள், அதாவது 16 ஆட்ட சீசனில் கால் பங்கு. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு தேர்வுகள் பறிபோயின. பிரேடி மேல்முறையீடு செய்தார். கேட்டவர் யார்? தண்டனைக்கு ஒப்புதல் கொடுத்த அதே கமிஷனர் ரோஜர் குட்டெல். ஜூலை 28இல் வந்த அவருடைய தீர்ப்பில் குற்றமே வளர்ந்துவிட்டது: திட்டத்தில் பிரேடி பங்கெடுத்தார், ஊழியர்களுக்குப் பரிசுகள் கொடுத்து ஊக்குவித்தார், விசாரணையைத் தடுத்தார். கீழே ஒரு குற்றத்துக்குத் தண்டித்துவிட்டு, மேலே வேறொரு குற்றத்தைச் சொல்லி அதே தண்டனையை உறுதி செய்தால், மேல்முறையீடு எதற்கு?

அந்த மேல்முறையீட்டு விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. வெல்ஸின் விசாரணை எந்தத் தரப்பையும் சாராதது என்று லீக் அறிவித்திருந்தது. அதே வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் மேல்முறையீட்டில் லீகின் வக்கீலாக உட்கார்ந்து பிரேடியைக் குறுக்கு விசாரணை செய்தார். லீகின் தலைமை வக்கீல் ஜெஃப் பாஷ், வெளிவருவதற்கு முன்பே அறிக்கையின் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர். அவரை விசாரிக்க வீரர்கள் சங்கம் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. விசாரணைக் குறிப்புகளும் தரப்படவில்லை. 2015 செப்டம்பர் 3இல் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்ததற்கு இவையும், இப்படியொரு தண்டனை வரும் என்று பிரேடிக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை என்பதும் காரணங்கள்.

செல்போனுக்கு வருகிறேன். அதை அழித்தது பிரேடி செய்த தவறு, என்னிடம் அதற்குச் சாக்கு எதுவும் இல்லை. ஆனால் தவறுக்கு விலை என்ன? 2010இல் பிரெட் ஃபாவ்ர் என்ற வீரர், லீகின் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக 50,000 டாலர் அபராதம் கட்டினார். தடை இல்லை. விசாரணையில் பொய் சொன்னதற்காக யாரும் ஆட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டதாகத் தன் 40 ஆண்டு அனுபவத்தில் நினைவில்லை என்று டாக்லியபூவே செயின்ட்ஸ் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்.

பந்தைத் திருத்தும் குற்றத்துக்கு லீகின் கையேடு குறிப்பிட்ட தொகை 25,000 டாலர் அபராதம். அதைவிடக் கூடுதலாகவும் விதிக்கலாம் என்று அதிலேயே உண்டுதான். ஆனால் நடைமுறை என்ன? 2014 நவம்பரில் மின்னசோட்டாவில் கடுங்குளிரில் நடந்த ஆட்டத்தில், பந்துகளை ஹீட்டரில் காட்டிச் சூடாக்கியது கேமராவில் பதிவானது. எச்சரிக்கையோடு விட்டார்கள். கையுறையில் பிசின் தடவுவது பந்தின் பிடிமானத்தைக் கூட்டும் குற்றம். முதல் தடவைக்கு 8,268 டாலர். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட் காட்ஸ்மன் கேட்டது இதைத்தான்: பிடிமானத்துக்காகச் செய்யும் இரண்டு குற்றங்களில் ஒன்றுக்கு அபராதம், மற்றதற்கு 4 ஆட்டங்கள் ஏன்?

கமிஷனர் அந்த நான்கை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஸ்டீராய்டு விதியிலிருந்து. ஊக்கமருந்து முதல் தடவை பிடிபட்டால் 4 ஆட்டங்கள், அதற்கு இணை இது என்று எழுதினார். இந்த வழக்கில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இந்த இடம்தான். 2014இல் திருத்தப்பட்ட ஊக்கமருந்து விதிப்படி, சோதனையில் சிக்கியவரின் மேல்முறையீட்டைக் கேட்பவர்கள் லீகும் சங்கமும் சேர்ந்து தேர்ந்தெடுத்த வெளி மத்தியஸ்தர்கள். மாதிரியின் ஒரு பகுதி மறுசோதனைக்கென்றே தனியாகப் பாதுகாக்கப்படும். கமிஷனர் அந்த விதியிலிருந்து தண்டனையின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுசோதனையும் வெளியாளும் பிரேடிக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் முரட்டுத்தனமாக மோதியதற்கு விதிக்கும் அபராதத்தைக்கூட இருதரப்பும் சேர்ந்து நியமித்த முன்னாள் வீரர்கள்தான் மறுபரிசீலனை செய்கிறார்கள். சில ஆயிரம் டாலருக்கு வெளியாள் உண்டு, பெயரையே கெடுக்கும் ஏமாற்றுப் புகாருக்கு இல்லை.

வட்டப்பந்துக் கால்பந்தில், ஆட்டத்தை நிர்வகிக்கும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் செய்வதைப் பாருங்கள். நடுவரை ஏமாற்றிப் பெனால்டி வாங்கும் வீரருக்கு 2017–18 சீசன் முதல் 2 ஆட்டத் தடை. மூவர் குழு தனித்தனியே வீடியோவைப் பார்க்கும், மூவரும் ஒருமனதாகச் சொன்னால்தான் குற்றச்சாட்டே பதிவாகும். லூகாஸ் பாக்கெட்டா என்ற வீரர் மீது, பந்தயம் கட்டுபவர்களுக்காக வேண்டுமென்றே மஞ்சள் அட்டை வாங்கினார் என்ற பெரிய புகார் வந்தபோது, கால்பந்துச் சங்கம் வாதியாக நின்றது, தீர்ப்பைத் தனி ஆணையம் சொன்னது. 2025இல் அந்தப் புகார் நிரூபிக்கப்படவில்லை என்றது, விசாரணைக்கு ஒத்துழைக்காததை மட்டும் உறுதி செய்தது. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டார்கள். பிரேடி வழக்கில் செல்போனும் பந்தும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை சரி என்றது என்கிறீர்கள். 2016 ஏப்ரல் 25இல் 2–1 பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு அது. ஆனால் பிரேடி ஏமாற்றினாரா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை, போவது தன் வேலையில்லை என்றும் சொன்னது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில், இருதரப்பும் ஒப்புக்கொண்ட மத்தியஸ்தரின் முடிவை நீதிமன்றம் மிக அரிதாகவே தொடும். ஒப்பந்தத்தின் எல்லைக்குள் நின்றாரா என்பது மட்டுமே கேள்வி. ஒப்பந்தத்தின் 46ஆவது பிரிவு கமிஷனரையே மேல்முறையீட்டைக் கேட்க அனுமதித்தது. சங்கம் அதற்குக் கையெழுத்திட்டிருந்தது. ஆகவே தோற்றார்கள்.

இந்த ஒரு இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். தவறின் ஒரு பாதி வீரர்கள் சங்கத்துடையது. ஒப்பந்தப் பேச்சில் வருமானப் பங்கு, பயிற்சி நாட்கள், ஓய்வூதியம் எல்லாம் எல்லா வீரருக்கும் உடனே கைக்கு வருபவை. ஒழுங்கு நடவடிக்கை என்பது "எனக்கு வராது" என்று ஒவ்வொருவரும் நினைப்பது. அதனால் பேரத்தில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அதுதான். 2020 ஒப்பந்தத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு. தனிநபர் நடத்தை வழக்குகளில் முதல் முடிவை, இருதரப்பும் நியமித்த அதிகாரி எடுக்கிறார். 2022இல் டிஷான் வாட்சன் என்ற வீரரின் வழக்கில் முன்னாள் நீதிபதி சூ ராபின்சன் அப்படித்தான் 6 ஆட்டத் தடை விதித்தார். அதை எதிர்த்து லீகே மேல்முறையீடு செய்தது, கேட்க ஆளை நியமித்தவர் கமிஷனர், கடைசியில் சமரசத்தில் 11 ஆட்டமானது. ஏமாற்றுப் புகார்களுக்கு இந்தப் பாதி மாற்றம்கூட வரவில்லை.

பந்து விஷயத்தில் லீக் ஒன்றைத் திருத்தியது. 2015 சீசனிலிருந்து பந்துகளுக்கு எண் போட்டு, அழுத்தத்தை எழுதிவைத்து, சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்தார்கள். குளிர்காலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கான நேரடி ஆதாரம் அது. அந்த அளவுகளை லீக் வெளியிடவில்லை.

2020 ஒப்பந்தம் வீரர்கள் வாக்கெடுப்பில் 1,019க்கு 959 என்று நிறைவேறியது, 2030 சீசன் வரை செல்லும். அடுத்த பேச்சில் சங்கம் 46ஆவது பிரிவில் ஒரே ஒரு வரியை மாற்றக் கேட்டாலும் போதும்: மேல்முறையீட்டைக் கேட்பவர் ஊக்கமருந்து வழக்குகளில் இருப்பதுபோல இருதரப்பும் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும். அதற்கு ஈடாக லீக் பணத்தில் எதையாவது கேட்கும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பிரேடிகள் தீர்மானிக்க மாட்டார்கள், ஹார்குரோக்கள்தான் வாக்களிப்பார்கள்.