பிள்ளைகளை ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்த்தே தீர வேண்டும் என்று பெற்றோர் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகளை ஐஐடி ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கணவர் வற்புறுத்துவதாகவும், தமக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றும், எல்லாப் பெற்றோரும் ஒரே திசையில் ஓடும்போது தாம் மட்டும் நின்றுவிட்டால் மகளுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவள். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் நாமக்கல் வட்டாரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் கழிந்தன. என் மகனையும் அதே போன்ற வேறொரு விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தேன். வகுப்பறைக்குள் நின்றும் பார்த்திருக்கிறேன், பள்ளி வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்றும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதற்கு நான் பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிடிவாதத்தைப் பேராசை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைக்கும் வரையில், தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பதற்கு இருந்த இடங்களைக் கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவையில் ஜிசிடியும் பிஎஸ்ஜியும், மதுரை தியாகராசர், காரைக்குடி, சேலம், திருச்சி ஆர்இசி என்று ஏறத்தாழ ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அவற்றில் ஓர் இடம் கிடைத்த பையன் படித்து வேலைக்குப் போனால் அந்தக் குடும்பத்தின் கதையே மாறிவிடும். எங்கள் ஊரில் என் பெரியப்பா மகன் அப்படிப் போனவர். அவருடைய மூன்றாவது வருடச் சம்பளத்தில் கிணறு வெட்டிய கடன் அடைந்தது, ஓட்டு வீடு தார்சு வீடாயிற்று, இரண்டு அக்காமார்களுக்கும் கல்யாணம் ஆயிற்று. அவர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உறவினர்கள் திண்ணையில் காத்திருப்பதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரே ஓர் இடம் ஒரு தலைமுறையையே தூக்கிவிட்டதைக் கண்ணால் கண்டவர்கள், தம் பிள்ளைக்கும் அந்த இடத்தைத் தேடுவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் காட்சி மனத்தில் அப்படியே நிற்க, வெளியே எல்லாம் மாறிவிட்டது. இன்று மாநிலத்தில் நானூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கவுன்சலிங் முடிந்த பிறகும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. பொறியியல் படித்தவன் என்பது தெருவுக்குப் பத்துப் பேருக்குப் பொருந்தும் சொல்லாகிவிட்டதால், எந்தக் கல்லூரி என்பதே கேள்வியாயிற்று. அந்தக் கேள்விக்கு ஊரே ஒப்புக்கொள்ளும் விடையாக ஐஐடி வந்து நின்றது. 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வுக்கு மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டமான மெயின் எழுதியவர்கள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேர் மட்டுமே அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறுவர். அதை எழுதியவர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. சென்னை ஐஐடியில் பொதுப்பிரிவில் கணினி அறிவியல் வேண்டுமானால் நாட்டின் முதல் இருநூறு பேருக்குள் வர வேண்டும்.

கணித ஆசிரியராக நான் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்தே பயிற்சிக்குப் போனாலும், எல்லோரும் இரவு பதினொரு மணி வரை படித்தாலும், அதனால் ஐஐடி இடங்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடப் போவதில்லை. கூடுவது ஒவ்வொரு பிள்ளையும் செலுத்தும் விலை மட்டுமே. இதை மறுத்துப் பேசியவர்கள் எவரும் இல்லை. எல்லோரும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, வெளியே போகும்போது, “அதெல்லாம் சரிதானுங்க மிஸ், நம்ம பையனுக்குக் கெடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்பார்கள்.

நான் பணியாற்றிய விடுதிப் பள்ளியில் இந்த ஆசை எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட 2007 முதல், பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் நூற்றுக்கணக்கானோர் முன்னே போய்விடுவார்கள் என்ற நிலையில், எங்கள் பள்ளியைப் போன்ற பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. நானும் நடத்தினேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பும் மணி, ஆறு மணிக்கு முதல் ஸ்டடி, நாள்தோறும் ஒரு ஸ்லிப் டெஸ்ட், வாரம் ஒரு முழுத் தேர்வு, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகளில் எந்த வினாவைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ஒரு படிகூடப் பிசகாமல் எழுதுவார்கள். ஒரு நாள் வகுப்பில், எல்லை என்றால் என்ன என்று கேட்டேன். தொடர்ந்து சென்டம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவன் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, “அது பிளஸ் ஒன் பாடம் மிஸ், பரீட்சைக்கு வராது” என்றான். வகைநுண்கணிதம் முழுவதும் நிற்பது அந்த ஒரு கருத்தின் மேல்தான். அவன் முழு மதிப்பெண் வாங்கினான். பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் அவன் கணிதத்தில் அரியர் வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதில் அவன் குற்றம் எதுவும் இல்லை, எங்கள் குற்றமே இருந்தது.

2017இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. இரண்டையும் நான் மனமார வரவேற்றேன். ஆனால் அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. விடுதிப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ‘நீட் – ஜேஇஇ ஒருங்கிணைந்த பயிற்சி’ என்ற வரி சேர்ந்தது. பிளஸ் ஒன்னில் தொடங்கிய ஓட்டம் ஆறாம் வகுப்பு ஃபவுண்டேஷனுக்கு இறங்கியது. பெற்றோரின் அச்சம் அப்படியே இருக்கும்போது, தேர்வின் வடிவத்தை மட்டும் மாற்றினால் அந்த அச்சம் புதிய தேர்வில் போய் ஒட்டிக்கொள்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு விசிட்டிங் டே. தருமபுரி, ஆத்தூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து பெற்றோர் விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். வேப்ப மரங்களின் அடியில் பெட்ஷீட் விரித்து, தூக்குப் போசியில் கொண்டுவந்த கறிக்குழம்பைப் பிள்ளைக்கு ஊட்டுவார்கள். அந்த மரத்தடிகளைக் கடந்து போகும்போது என் காதில் விழும் முதல் கேள்வி, பெரும்பாலும், “ஏஞ்சாமி, மார்க்கு வந்துருச்சா?” என்பதுதான். அதில் கடுமை சிறிதும் இருக்காது. அத்தனை அன்போடுதான் கேட்பார்கள். லாரியில் கிளீனராக இருந்து ஓட்டுநரான ஒருவர், மகனின் ரேங்க் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் பாலித்தீன் உறையில் வைத்திருந்தார்; அதற்குள் மாதவாரியாகப் பதினோரு சீட்டுகள் இருந்தன. அவருடைய மகன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மாதம் அவன் முப்பது இடங்கள் பின்னே போயிருந்தான். பன்னிரண்டாவது சீட்டை இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை. தேர்வுத்தாள் திருத்திய எனக்கு அது தெரியும்.

அன்றைக்கு நான் அங்கே கண்டதைத்தான் இந்தக் கேள்விக்கான என் பதிலாகச் சொல்வேன். பிள்ளை கடுமையாகப் படிப்பதால் கெட்டுப்போவதில்லை. பதினேழு வயதில் கடுமையாக உழைப்பது நல்லதுதான். பெற்றோரிடம் நல்ல செய்தியை மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வதுதான் கேடு. ராஜஸ்தானின் கோட்டா நகரம் இதன் உச்சம். ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் தம் வீட்டில் நடத்திய டியூஷனில் தொடங்கி, நாடெங்கிலுமிருந்து லட்சக்கணக்கான பிள்ளைகள் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காக வந்து தங்கும் ஊராக அது வளர்ந்தது. 2023இல் அங்கே மாணவர் தற்கொலைகள் தொடர்ந்தபோது, விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆகஸ்ட் மாதம் உத்தரவிட்டது. எந்த உயிரையேனும் அது காத்திருந்தால் நல்லது. ஆனால் “என்னால் முடியவில்லை” என்ற இரண்டு சொற்களை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாத பிள்ளைக்கு, மின்விசிறியில் செய்யும் மாற்றம் எந்த அளவுக்குத் துணையாகும்?

பெரிய கல்லூரி உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த, ஏறத்தாழ ஒரே தகுதியுள்ள மாணவர்களில், மிகப் பெயர்பெற்ற கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அதைவிடக் குறைந்த பெயருள்ள கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் பிற்காலச் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டார்கள். வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்கள் மட்டும் பெரிய கல்லூரியால் கூடுதல் பயன் பெற்றார்கள். அமெரிக்க நிலவரத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்றாலும், என் அனுபவம் இதையே சொல்கிறது. அந்த லாரி ஓட்டுநரின் மகனுக்கு ஒரு நல்ல கல்லூரி தரும் தொடர்புகளும் துணிச்சலும் வேறெங்கும் கிடைக்க மாட்டா. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழகம் 2020இல் அளித்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நான் ஆதரிப்பதும் அதனால்தான். ஆனால் தாயும் தந்தையும் பட்டதாரிகளாக, சொந்த வீட்டில், வீடு நிறையப் புத்தகங்களோடு வளரும் பிள்ளையை இதற்காக வதைப்பதற்கு என்னால் ஒரு நியாயத்தையும் காண முடியவில்லை.

நானும் அதைச் செய்தவள்தான். கணவர் வங்கியில், நான் பள்ளியில். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தும் 2014இல் மகனைப் பிளஸ் ஒன்னுக்கு விடுதியில் சேர்த்தோம். விசிட்டிங் டேக்கு நான் போகும்போது, பையிலிருந்து நான் டிபன் பாக்ஸை எடுப்பதற்குள், “அம்மா, கெமிஸ்ட்ரி தொண்ணூற்றிரண்டு, மேத்ஸ் தொண்ணூற்றெட்டு” என்று அவனே சொல்லிவிடுவான். பிள்ளை எத்தனை பொறுப்பாக இருக்கிறான் என்று மகிழ்ந்தேன். அவன் சொல்லாத பாடங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இயற்பியலில் அவன் தொடர்ந்து தடுமாறியது அப்போதே தெரிந்திருக்கும். கட்-ஆஃப் 187.5 வந்தது. நாங்கள் நினைத்த கல்லூரி கிடைக்கவில்லை. கோவையில் வேறொரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தான். இன்று அங்கேயே ஒரு பம்ப் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறான். வேலையை விரும்பிச் செய்கிறான். ஆகவே கல்லூரியைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை. சென்ற ஆண்டு அவனுக்கு டெங்கு வந்து நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். எனக்குச் சொன்னது வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆன பிறகு. ஏன் கண்ணு சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சரியான பிறகு சொல்லலாம்னு இருந்தேம்மா” என்றான். அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. ஜேஇஇ பாடத்திட்டம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள்தாம். எட்டாம் வகுப்பில் தொடங்காததால் அவள் எதையும் இழக்கப் போவதில்லை. பதினாறு வயது நிரம்பாதவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உங்கள் கணவரிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். இந்த வயதில் அவளுக்குத் தேவைப்படுவது பின்னங்களிலும் இயற்கணிதத்திலும் தடுமாற்றம் இல்லாத கை. விடை தெரியாத ஒரு கணக்கோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை. அது வீட்டிலேயே வரும். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு அவளே விரும்பினால் பயிற்சியில் சேரட்டும். அப்போது முழு மனத்தோடு துணை நில்லுங்கள். ஐஐடி என்ற பெயர்தான் வேண்டுமென்றாலும் வாசல் ஒன்று மட்டும் இல்லை: சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜேஇஇ எழுதாமலே, அவர்கள் தரும் தகுதிப் பாடங்களைப் படித்துத் தேர்வெழுதிச் சேரலாம். பயிற்சி மையங்களில் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. அதைக் கட்டுவதற்கு முன் ஒரு மாலை, கணவரும் நீங்களும் அவளோடு உட்கார்ந்து, பள்ளியில் எந்தப் பாடம் அவளுக்குப் புரியவில்லை என்று கேளுங்கள். அவள் தயங்காமல் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.